வசைச் சுட்டெண் பூஜ்யம்

இதனால் சகலமானவர்களுக்கும் அறிவிப்பது என்னவென்றால், மனிதகுலம் குகையைவிட்டு வெளியே வந்த நாள் தொட்டு எவருடைய செவிக்கும் எட்டாதிருந்த ஒன்றை, கோயம்புத்தூருக்கு மேற்கே ஒரு கோழிப்பண்ணைக்கும் ஒரு கல்யாண மண்டபத்துக்கும் நடுவே அமைந்துள்ள மாயக்குரல் ஆராய்ச்சி மையம் கேட்டுவிட்டது. மனச்சிதைவு நோயாளியின் மண்டைக்குள் ஒலிக்கும் குரலை, ஒலிபெருக்கியில், சபை நடுவே, தெள்ளத்தெளிவாக. இனி வரலாறு இரண்டாகப் பிரியும்: அசரீரிக்கு முன், அசரீரிக்குப் பின். அசரீரி என்பது கருவியின் பெயர். பெயர் சூட்டியவர் மையத்தின் இயக்குநர் பேராசிரியர் டாக்டர் அறவாழி. மேற்படி அறிவிப்பை எழுதியவரும் அவரே. கோழிப்பண்ணை மட்டும் அவர் எழுதியதல்ல.

அந்தச் சரித்திர நாளில் உலகத்தின் காதில் விழுந்த முதல் மாயக்குரல் பேசிய வாசகம் இது:

"தின்னு தொலைடா, கட்டையில போறவனே. ஆக்கிப் போட்டுட்டு உன் மூஞ்சியவே பாத்துக்கிட்டு உக்காந்திருக்கணுமா நான்?"

அரங்கில் இருந்த நூறு பேரும் கேட்டார்கள். மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்த மங்கையர்க்கரசி மட்டும் தன் வாயைப் பொத்திக்கொண்டாள். ஒலிபெருக்கியில் வந்தது அவளுடைய குரல். இழுத்துப் பேசும் அந்த 'மூஞ்சி' வேறு யாருக்கும் வராது.

கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம், அசரீரியின் வெள்ளை உருளைக்குள் கால் மட்டும் வெளியே தெரியப் படுத்திருந்தான் அவளுடைய தம்பி அரசு. திருநாவுக்கரசு. நாற்பது தாண்டியவன். படித்த படிப்புக்கு இந்நேரம் ஏதாவது கல்லூரியில் கணக்கு சொல்லிக்கொடுத்துக்கொண்டிருக்க வேண்டியவன். பத்தொன்பது வயதில் விடுதி அறையில் காலியான சுவரைப் பார்த்துப் பதில் பேசிக்கொண்டிருந்தவனை அவள்தான் போய்க் கூட்டிவந்தாள். அதிலிருந்து அவளுக்கு இரண்டு உத்தியோகம். ஒன்று, திண்டுக்கல்லில் ரேஷன் கடை. இன்னொன்று, அரசு. இரண்டுக்கும் ஒரே வாய்தான். புழுத்த அரிசியை வாங்கிக்கொண்டு போகவைக்கவும், போட்ட சோற்றை உள்ளே இறக்கவும் மரியாதையான சொற்கள் பயன்பட்டதாக அவள் அனுபவத்தில் இல்லை.

"பயப்படாதீங்கம்மா," என்றாள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த டாக்டர் ஜெசிந்தா. மையத்தில் மனிதர்களோடு பேசத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். அதனாலேயே ஆறு வருஷமாக உதவி ஆய்வாளராக இருந்தாள். "இது வெளியிலேர்ந்து வர்ற குரல் இல்ல. நம்ம எல்லாருமே மனசுக்குள்ள பேசிக்கிறோம்ல, அப்பல்லாம் 'இது நான் பேசுறது'ன்னு மூளை ஒரு முத்திரை குத்திடும். இவருக்கு அந்த முத்திரை விழ மாட்டேங்குது. அதனால சொந்தப் பேச்சே இன்னொருத்தர் குரல்ல கேக்குது. பேச்சு அவரோடது. குரல் மட்டும் கடன்."

"என்கிட்ட இருந்தா?"

"பழகின குரலைத்தானேம்மா மூளை எடுக்கும்."

அதற்குள் இரண்டாவது குரல் வந்தது. நிதானமான, பண்பட்ட, ஒவ்வொரு எழுத்தையும் துடைத்து வைத்ததுபோன்ற குரல்.

"தம்பி, அவசரப்படாதீங்க. இப்போ வேண்டாம். பொறுங்க. பொறுமைதான் உங்களுக்கு அழகு."

அரங்கமே பெருமூச்சு விட்டது. அறவாழி எழுந்து நின்றே விட்டார். "கவனித்தீர்களா, என்ன பண்பாடு. நோய்க்கு நடுவே, புயலுக்கு நடுவே, ஒரு சான்றோனின் குரல்."

மங்கை அந்தக் குரலையும் அடையாளம் கண்டுகொண்டாள். அப்பா செத்துப் பதினைந்து வருஷமாகிறது.

*

அப்பா, புலவர் நமச்சிவாயம், தலைமையாசிரியர். ஊரில் அவரைப் பற்றி ஒரு குறை சொல்ல ஆளில்லை. வாழ்நாளில் குரலை உயர்த்தியவரில்லை, பிள்ளைகள்மேல் கை வைத்தவரில்லை. பெற்ற பிள்ளைகளையே வாங்க, போங்க என்றுதான் அழைப்பார். வந்த விருந்தாளிகள் அதைக் கேட்டு உருகிப்போவார்கள்.

விருந்தாளிகள் போன பிறகுதான் சாப்பாடு. இலை போட்டு, சோறு போட்டு, குழம்பும் ஊற்றியாகிவிடும். "சாப்பிடுங்க தம்பி" என்பார். அரசுவின் கை சோற்றுக்குப் போகும்போது, "ஒரு நிமிஷம்" என்று அன்றைக்கான செய்யுளைக் கேட்பார். ஒரு சீர் பிசகினால் போதும். "பரவாயில்ல தம்பி. இப்போ வேண்டாம். பொறுங்க. பசி தெரிஞ்சாத்தான் தமிழ் தெரியும்." இலையை அவரே மடித்து எடுத்துக்கொண்டு போவார், புன்னகை மாறாமல். செய்யுள் சரியாக வந்த நாளில் இலக்கணம் கேட்பார். வரவரச் சின்னவனுக்கு "சாப்பிடுங்க" என்ற சொல்லைக் கேட்டாலே கை தானாகக் கட்டிக்கொள்ளும்.

மங்கைக்கு அப்போது பதின்மூன்று வயசு. அம்மாவுக்கு வாயில்லை என்பதால் மகள் இரண்டு பேருக்குமாகச் சேர்த்து வளர்த்துக்கொண்டாள். அப்பா கூடத்தில் திருவாசகம் ஓதும் நேரத்தில் தம்பியைக் கொல்லைப்புற விறகு மறைவுக்கு இழுத்துப்போய், கையில் உருட்டி வைத்திருந்த சோற்றை வாயில் திணிப்பாள். "முழுங்குடா பன்னி. சீக்கிரம் முழுங்கு. அவரு வந்துருவாரு, எருமை." கிசுகிசுப்பாக, காதோடு, மூச்சு வாங்க. அரசுவின் உலகத்தில் வசவுக்குப் பின்னால் சோறு வரும். மரியாதைக்குப் பின்னால் இலை போகும்.

இதையெல்லாம் எடுத்துச்சொல்ல ஒரு கருவி இருந்திருந்தால் நன்றாயிருக்கும். மையத்தில் இருந்த கருவிக்கு அது தெரியாது. அதற்குத் தெரிந்தது வசைச் சுட்டெண்.

வசைச் சுட்டெண் அறவாழியின் சொந்தக் கண்டுபிடிப்பு. குரல் பேசும் சொற்களை அசரீரி எண்ணி, அதில் எத்தனை சதவீதம் வசை என்று மதிப்பெண் போடும். எண் கூடினால் தீய குரல். குறைந்தால் துணைக் குரல். தீயதை நீக்குவது, துணையைப் பேணுவது என்பது மையத்தின் கொள்கை. வாசலில் பித்தளைப் பலகையில் எழுதியிருந்தது. மங்கையின் குரலுக்கு விழுந்த எண் மையத்தின் வரலாற்றிலேயே உச்சம். புலவர் நமச்சிவாயத்துக்குப் பூஜ்யம்.

"யாரையும் குற்றம் சொல்லவில்லை அம்மா," என்றார் அறவாழி, தன் அறையில், காபி வரவழைத்துக் கொடுத்துவிட்டு. "அறிவியல் குற்றம் சொல்லாது. ஆனால் வீட்டிலிருப்போரின் கடுஞ்சொல்தான் இந்த நோய்க்கு எண்ணெய் என்று ஆய்வுகள் பேசுகின்றன. இத்தனை வருடம் அவர் தலைக்குள் ஓயாமல் ஏசிக்கொண்டிருந்தது யார் என்று இன்று நாமெல்லோரும் கேட்டோம்."

மங்கை காபியைக் குடிக்கவில்லை. ரேஷன் கடையில் வட்டாட்சியரையே வரிசையில் நிற்கவைத்தவளுக்குத் தலை நிமிரவில்லை. நூறு பேர் நடுவில் அவளுடைய வாய் அம்மணமாக நின்றுவிட்டது. தான்தான் நோய் என்று ஒரு பெரிய மனிதர் இவ்வளவு மரியாதையாகச் சொல்லும்போது எப்படி மறுப்பது?

ஆனாலும் ஒரு தடவை முயன்றாள். "சார், அந்த இன்னொரு குரல் எங்கப்பா. எடுக்கிறதா இருந்தா அதை எடுங்க."

"ஏன் அம்மா? அதில் ஒரு வசைச்சொல் உண்டா?"

"இல்ல சார்."

"கை நீட்டியிருக்கிறாரா?"

"இல்ல சார். கோவப்பட்டே பாத்ததில்ல."

"பிறகு என்ன?"

சொல் தேடினாள். சோறு, இலை, செய்யுள் என்று எங்கே தொடங்கினாலும் அது ஒரு நல்ல ஆசிரியரைப் பற்றிய கதைபோலவே வந்தது. கடைசியில் மனசில் உள்ளதைச் சொன்னாள். "அவரு அப்படியே உங்கள மாதிரியே பேசுவாரு சார்."

அறவாழி அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டார்.

சம்மதத் தாளில் அவள் கையெழுத்துப் போட்டாள்.

*

வேலை சுலபமாக முடிந்தது. கத்தியில்லை, ரத்தமில்லை. மங்கையின் குரலை அடையாளம் காணும் தடத்தை அரசுவின் மூளையில் தேடிப்பிடித்து, அதை மட்டும் காந்த அலையால் மங்கச் செய்தார்கள். எழுந்து உட்கார்ந்தவன் ஜெசிந்தாவிடம் தண்ணீர் கேட்டான். நர்ஸ் பேர் கேட்டதும் சொன்னான். அறவாழியைக் கண்டதும் எழுந்து நின்றான். எல்லோரும் கை தட்டினார்கள்.

மங்கை கட்டிலருகே போனாள். "என்னடா, எப்படி இருக்கு?"

அவன் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"டேய், உன்னத்தான்."

"அக்கா," என்றான் அரசு மெதுவாக, "ஏன் சத்தம் வராம பேசுற?"

ஜெசிந்தாவுக்குத்தான் முதலில் புரிந்தது. சோதனைமேல் சோதனை வைத்தார்கள். காது பழுதில்லை. நர்ஸ் பேசினால் கேட்கிறது, காக்கை கரைந்தால் கேட்கிறது, பக்கத்து மண்டபத்து நாதஸ்வரம் கேட்கிறது. அக்கா பேசினால் மட்டும் ஒன்றுமில்லை. அவள் குரலைப் பதிவுசெய்து ஒலிபெருக்கியில் போட்டாலும் ஒன்றுமில்லை. உள்ளே கேட்ட அக்காவும் வெளியே நின்ற அக்காவும் மூளைக்குள் ஒரே வாசலில்தான் புழங்கியிருக்கிறார்கள். வாசலைப் பூட்டியாகிவிட்டது.

"எலிகள்ல இப்படி ஆகலையே," என்றாள் ஜெசிந்தா.

"எலிக்கு அக்கா ஏதும்மா," என்றாள் மங்கை.

அன்று மதியம் அவன் சாப்பிடவில்லை. இரவும் இல்லை. தட்டு வந்தால் கையைக் கட்டிக்கொண்டு அதன்முன் உட்கார்ந்திருந்தான். யாராவது எடுத்துக்கொண்டு போகும்வரை அசையவில்லை. அப்போதுதான் மங்கைக்கு ஒரு விஷயம் உறைத்தது. இத்தனை வருஷமாக அவள் காலையில் சோற்றை மூடிவைத்துவிட்டுக் கடைக்குப் போவாள். பொழுது சாய்ந்து திரும்பும்போது தட்டு கழுவிக் கவிழ்த்திருக்கும். மாத்திரையின் புண்ணியம் என்று நினைத்துக்கொண்டிருந்தாள். அவள் கடையில் ஊர்க்காரர்களை ஏசிக்கொண்டிருந்த நேரத்தில், இன்னொரு மங்கை வீட்டிலேயே இருந்து அவனை ஏசியேசி ஊட்டியிருக்கிறாள். அவளைத்தான் நேற்று கையெழுத்துப் போட்டு ஒழித்திருக்கிறாள்.

வாரம் கடந்தது. கையில் ஏற்றிய குளூக்கோஸில்தான் உயிர் நின்றது. அரசுவின் கழுத்தெலும்பு சட்டைக்கு வெளியே வந்தது. மங்கை சைகை காட்டிப் பார்த்தாள். சோற்றை உருட்டி வாயருகே கொண்டுபோனால் அவன் பயந்து வாசலைப் பார்த்தான். திட்டு இல்லாமல் நீளும் கை யாருடைய கையோ? ஒரு தாளில் பெரிதாக எழுதிக் காட்டினாள்: சாப்பிடுடா மூதேவி.

அவன் படித்தான். "எழுதாத அக்கா. எழுத்தெல்லாம் அப்பா குரல்லதான் கேக்குது. 'சாப்பிடுங்க தம்பி'ன்னு திருத்திப் படிக்கிறாரு." குரலைத் தாழ்த்திக்கொண்டான். "அடுத்தது செய்யுள் கேப்பாரு."

அவள் தாளைக் கசக்கினாள்.

"உனக்கு என்மேல கோவமாக்கா?" என்றான். "திட்டுறதையே நிறுத்திட்டியே."

மங்கை வெளியே வந்து, தாழ்வாரத்து முனையில் இருந்த தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நின்று அழுதாள். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு ஜெசிந்தாவைத் தேடிப்போனாள்.

"டாக்டரம்மா, என் குரல்தானே ஏறல? உன் குரல் ஏறும்ல? நீ திட்டு."

"நானா?"

"நான் சொல்லித்தரேன். நாசமாப் போறவனே, நீ திங்காம கெடந்தா நான் என்ன உனக்குப் பாடையா கட்டணும்? சொல்லு."

மடத்துப் பள்ளியில் சிஸ்டர்களிடம் படித்த ஜெசிந்தா, கண்ணை மூடிக்கொண்டு இரண்டு தடவை ஒத்திகை பார்த்தாள். கட்டிலருகே போய் நின்று, "நாசமாப் போறவனே," என்று ஆரம்பித்து, "சாரி," என்றாள். மறுபடி ஆரம்பித்தாள். பாடையில் குரல் உடைந்தது.

அரசு அவளை இரக்கத்தோடு பார்த்தான். "உங்களுக்கு வரல மேடம். 'பாடை'யில அழுத்தம் பத்தல. எங்கக்கா சொன்னா பொணம்கூட எழுந்து வந்து தின்னும்." அந்த வாரத்தில் அன்றுதான் சிரித்தான். ஆனால் கட்டிய கை கட்டியபடிதான்.

வெளியே வந்து ஜெசிந்தா சொன்னாள். "மங்கின தடத்தைத் திரும்ப எழுப்பலாம்மா. அதே கருவி, அலையைத் திருப்பிப் போட்டா போதும். ஆனா டைரக்டர் அனுமதி வேணும்."

*

அறவாழியைப் பார்ப்பது அந்த வாரத்தில் எளிதாக இல்லை. மையத்தின் வெற்றி விழாவுக்கு அமைச்சர் வருகிறார். வெள்ளையடிப்பு நடந்துகொண்டிருந்தது, கோழிப்பண்ணை வாடை வராமல் இருக்க அந்தப் பக்கம் முழுக்க மல்லிகைத் தொட்டிகள் வந்து இறங்கின. மங்கை அவர் அறை வாசலில் உட்கார்ந்தே இருந்தாள். கடைசியில் அவரே கதவைத் திறந்து, கை கூப்பி வரவேற்றார்.

"அவன் செத்துருவான் சார்," என்றாள். "திருப்பிக் குடுத்துருங்க."

"எதை அம்மா?"

"என் வாய."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நீங்கள் கேட்பது புரிகிறதா? ஒரு மாயக்குரலை, அதுவும் இவ்வளவு கடுமையான ஒன்றை, ஒரு மனிதனின் தலைக்குள் நாங்களே திரும்ப வைக்க வேண்டும் என்கிறீர்கள். நோயைத் தருவதற்கு மருத்துவத்தில் இடமில்லை. அறநெறிக் குழு கேட்டால் என்ன சொல்வேன்?"

"குழுவுல எல்லாரும் சாப்புடுறவங்கதானே சார்?"

"உணர்ச்சிவசப்படாதீர்கள். உணவு மறுப்பு என்பது தற்காலிகத் தகவமைப்புதான். மூக்கு வழியே குழாய் வைக்கலாம், விழா முடிந்தவுடன். மேடையில் குழாயோடு நின்றால் பார்ப்பதற்கு..." மீதியைச் சொல்லாமல் பண்போடு நிறுத்திக்கொண்டார். "உங்கள் மனுவைக் குழுவின் அடுத்த கூட்டத்தில் வைக்கிறேன். மழைக்காலம் முடிந்ததும் கூடுவார்கள்."

"அதுவரைக்கும்?"

"பொறுங்கள் அம்மா," என்றார் அறவாழி. "பொறுமைதான் உங்களுக்கு அழகு."

மங்கை எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் சாய்ந்தது. அவரை அப்போது அவள் அழைத்த பெயர், வசைச் சுட்டெண்ணை உருவாக்கியவருக்கே புதிது. அவர் அதைப் புன்னகையோடு கேட்டுக்கொண்டார். அவரைப் பொறுத்தவரை அதுவும் ஒரு சான்று.

*

விழா பக்கத்துக் கல்யாண மண்டபத்தில் நடந்தது. மணமக்கள் நாற்காலிகளில் அமைச்சரும் அறவாழியும். வரவேற்புரை, அறிமுகவுரை, அறிமுகவுரைக்கு ஒரு அறிமுகம். மேடை ஓரத்தில் புது வேட்டி சட்டையில் அரசு. சட்டை அவன்மேல் இல்லை, அவன்தான் சட்டைக்குள் எங்கேயோ இருந்தான். அவனை இரண்டு பேர் தாங்கிப் பிடித்திருந்தார்கள். ஜெசிந்தா மேடையின் பின்னால், குளூக்கோஸ் பாட்டிலோடு, யாரும் தன்னைப் படம் எடுத்துவிடாதபடி நின்றிருந்தாள். மங்கையை முன்வரிசையில் உட்காரவைத்து, நெஞ்சில் 'பயனாளி குடும்பம்' என்று அட்டை குத்தியிருந்தார்கள்.

அசரீரி மறுபடி ஒலித்தது. புலவர் நமச்சிவாயம் மட்டும் பேசினார். ஒரு பிசிறு இல்லை. பின்னால் பெரிய திரையில் எண் ஒளிர்ந்தது: வசைச் சுட்டெண் பூஜ்யம். கைதட்டல் மண்டபத்து ஆஸ்பெஸ்டாஸ் கூரையில் மழைபோல் பெய்தது.

"வசையிலிருந்து விடுதலை பெற்ற முதல் மனிதர்," என்றார் அறவாழி ஒலிவாங்கியில், "இதோ, மாண்புமிகு அமைச்சரின் திருக்கரத்தால் இனிப்பு ஏற்கிறார்."

அமைச்சர் லட்டை நீட்டினார். அரசுவின் கண் அதில் விழுந்தது. தொண்டை ஒருமுறை ஏறி இறங்கியதை மங்கை முன்வரிசையிலிருந்து பார்த்தாள். பசித்த பிள்ளையின் தொண்டை. வலது கை அரை அடி எழுந்தது. இன்னும் கொஞ்சம்.

அறவாழி அவன் தோளில் மெல்லக் கை வைத்து, குனிந்து, ஒவ்வொரு எழுத்தையும் துடைத்து வைத்துச் சொன்னார்.

"சாப்பிடுங்க தம்பி."

எழுந்த கை நின்றது. மடங்கியது. இன்னொரு கையோடு சேர்ந்து மார்பின்மேல் கட்டிக்கொண்டது. அரசு தலை குனிந்து, செய்யுளுக்காகக் காத்து நின்றான்.

"என்ன பணிவு," என்றார் அமைச்சர்.

மங்கை எழுந்துவிட்டாள். அடிவயிற்றிலிருந்து எடுத்தாள். "தின்னுடா நாயே. அவரு செத்துட்டாருடா, இது வேற ஆளு. தின்னுடா என் ராசா, தின்னு தொலை, பன்னி, எருமை, கட்டையில போறவனே, தின்னுடா." மண்டபத்தின் கடைசி வரிசை வரை கேட்டது. சமையல்கட்டில் பாத்திரம் கழுவியவர்கள் எட்டிப் பார்த்தார்கள். காக்கைகள் எழுந்து பறந்தன. ஆயிரம் பேர் கேட்டார்கள். அரசு மட்டும் மேடையில் நின்று, அக்கா வாயைத் திறந்து திறந்து மூடுவதைப் பார்த்தான். ஜன்னல் மூடிய பஸ்ஸுக்குள் இருப்பவரைப் பார்ப்பதுபோல் பார்த்து, லேசாகச் சிரித்தான்.

தொண்டர்கள் இரண்டு பேர் வந்து, "வாங்கம்மா, தயவுசெய்து வாங்க," என்று மரியாதையாகவே அவளை வெளியே கூட்டிப்போனார்கள். வாசலில் திமிறித் திரும்பினாள். உள்ளே பேராசிரியர் டாக்டர் அறவாழியின் குரல் ஒலிபெருக்கியில் உயர்ந்துகொண்டிருந்தது. இன்று ஒரு மனிதன் குணமானான், நாளை ஒரு நாடு, நாளை மறுநாள் மானுடமே தீச்சொல்லிலிருந்து விடுபட்டு ஒரே பண்பட்ட குரலில் பேசும் என்றார். அனைவரும் எழுந்து நின்றார்கள்.

லட்டை அமைச்சரின் உதவியாளர் சாப்பிட்டார்.